கிணற்றைக் கேட்டுவிட்டுக் கொடி நடு

மகனே,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் வரப்பிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொய்யாமரத்து நிழலில் நின்றபடியே படித்தேன். பெண்வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம் என்று நீ எழுதியிருந்த இடம் வரை எனக்குச் சந்தோஷம்தான். ராயம்மாள் சித்தியைக் கூப்பிட்டு அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு இருந்ததை அவளுக்குப் படிக்கவில்லை. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறாயாம். கல்தூண்கள் சும்மா நிற்கின்றன, அவற்றின் மேல் மறுபடியும் பந்தல் போட்டு, புதிதாக வந்திருக்கும் விதையில்லாத் திராட்சையை நடப்போகிறாய். அதற்குத் தண்ணீர் போதாது என்பதால் கிணற்றை இன்னும் ஆழமாக்கப்போகிறாய். 'இப்பல்லாம் மிஷின்ல துளை போடுறாங்கம்மா, முன்ன மாதிரி பயமில்ல' என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் கேட்டதற்கு, 'ஒங்க அம்மாவக் கேளு' என்று மட்டும் சொன்னாராம். கேட்டுவிட்டாய். நானும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் முடியும், முடியாது என்று ஒரு வார்த்தையில் சொன்னால் உனக்கு அது புரியாது. அருளப்பன் சித்தப்பா செத்தபோது நீ திண்டுக்கல் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். அடக்கத்துக்கு வந்தாய், மறுநாளே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டோம். கிணற்றில் வெடி வைத்தபோது செத்தார் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அப்பா ஏன் டவுனில் தனியாக இருக்கிறார் என்று நீ கேட்டபோதெல்லாம் வேலை என்று சொல்லிவைத்தேன். ஒரு பெண்ணைக் கைப்பிடித்து இந்த நிலத்துக்குக் கூட்டிவரப் போகிறவன், இந்த நிலத்தில் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது தோட்டத்தில் இருந்தது பன்னீர்த் திராட்சை. கருப்பாக, சின்னதாக, வாயில் போட்டால் ரோஜாப்பூ வாசம் அடிக்குமே, அதுதான். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்த கொடி என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. கிணற்றுக்குக் கிழக்கே உங்கள் அப்பா பங்கு, மேற்கே சித்தப்பா பங்கு. பாதி நிலத்தில் பந்தல், மீதியில் சோளமும் கம்பும். பன்னீர்த் திராட்சை தோல் மெல்லிசு. பறித்த மறுநாளே நசுங்க ஆரம்பித்துவிடும். திண்டுக்கல் சந்தையைத் தாண்டி அதிக தூரம் போகாது. ஆனால் கொடியை வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டு ஒழுங்காகத் தண்ணீர் காட்டினால் வஞ்சகமில்லாமல் காய்க்கும். கிணற்றில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுக்குள் அது வாழக் கற்றுக்கொண்டிருந்தது. அப்போது இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு ரகம் ஓர் இடத்தில் பல வருஷம் நின்று பிழைத்திருக்கிறது என்றால், அந்த மண்ணும் தண்ணீரும் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டன என்று அர்த்தம். இதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தி.

உங்கள் அப்பா ஒருநாள் மதுரைக்குப் போய்விட்டு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு குலை. பிரித்துக் காட்டினார். நான் அதுவரை அப்படி ஒரு திராட்சையைப் பார்த்ததில்லை. வெளிர்ப் பச்சையில் தேன்நிறம் கலந்து, ஒவ்வொரு பழமும் கட்டைவிரல் பருமன். ஐதராபாத் பக்கத்து ரகம். அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, வெள்ளைத் திராட்சை என்றே சொன்னோம். அப்பா அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு எனக்கே புதிதாக இருந்தது. ஒரு கொடியே ஒரு வீட்டளவு பந்தலை மூடுமாம். பறித்து ஒரு வாரம் வைத்தாலும் குலை குலையாமல் இருக்குமாம். மெட்ராசுக்கே அனுப்பலாமாம். சித்தப்பா ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

'என்னலே, நல்லாருக்கா?' என்றார் அப்பா.

'நல்லாத்தாண்ணே இருக்கு. வாசந்தான் ஒண்ணையும் காணோம். ஒரு வீட்ட மூடுற கொடின்னா, ஒரு வீட்டுத் தண்ணியக் குடிக்குமில்ல? நம்ம கிணறு அதுக்குத் தாங்குமா?'

'மழை பேஞ்சா தாங்கும்.'

'பெய்யலன்னா?'

'பெய்யாத வருசத்துக்கு எதுதான் தாங்கும்? ஒன் பன்னீர் மட்டும் தாங்குமா?'

சித்தப்பா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'மதினி, நீங்க சொல்லுங்க' என்றார். நான் அந்தக் குலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. 'போட்டுத்தான் பாப்போமே' என்றேன்.

அப்பா தன் பங்கில் பன்னீர்க் கொடிகளை வேரோடு பறித்துவிட்டு வெள்ளைத் திராட்சையின் குச்சிகளை நட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கொடி ஏறிய வேகத்தைப் பார்க்க ஊரே வந்தது. முதல் காய்ப்பில் குலைகள் பந்தலுக்குக் கீழே முழங்கை நீளத்துக்குத் தொங்கின. குனிந்துதான் உள்ளே நடக்கவேண்டும். லீவுக்கு வந்தபோது நீ அதன் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷமும் மறு வருஷமும் நல்ல மழை. ஒரு ரகத்தை மழை வருஷத்தில் பார்த்து எடை போடாதே, மகனே. மாப்பிள்ளை கையில் பணம் இருக்கும் நாளில் மட்டும் அவனைப் பார்த்து முடிவுசெய்வது மாதிரி அது. சித்தப்பாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ராயம்மாள் நத்தம் பக்கத்துப் பெண். கிழக்கே குலைகுலையாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு மேற்கே சும்மா இருக்க யாரால் முடியும்? அவரும் பன்னீரைப் பறித்துவிட்டு வெள்ளையை நட்டார். 'நான் சொன்னது தப்பாப் போச்சுண்ணே' என்று அப்பாவிடம் வந்து சொன்னார். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன். இப்போது முழுத் தோட்டமும் ஒரே ரகம். நடுவில் அதே பழைய கிணறு.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. அதற்கு மறு வருஷமும் சிறுமலைப் பக்கம் மேகம் கூடும், கூடிக் கூடிக் கலையும். கிணற்றில் காலையில் மோட்டாரைப் போட்டால் செத்த நேரத்தில் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். மறுநாள் வரை ஊறவிட்டு மறுபடி போடவேண்டும். ஒருநாள் கிழக்கு, ஒருநாள் மேற்கு என்று முறைவைத்தார்கள். பிறகு அந்த ஒருநாள் தண்ணீர் பாதிப் பந்தலுக்குக்கூடப் போதவில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது என்று நீ நினைக்கலாம். வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் தண்ணீரை இவர் பக்கம் திருப்பிவிடுவார், இவர் தண்ணீரை அவர் பக்கம் திருப்பிவிடுவார். நானும் ராயம்மாளும் குடத்தில் சுமந்து தூரில் ஊற்றினோம். இலைகளின் ஓரம் பொரிந்து சுருண்டது. சோளமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிட்டு மறு வருஷம் விதைத்துக்கொள்ளலாம். பழப்பயிர் அப்படியில்லை. பல வருஷம் பாடுபட்டு வளர்த்த கொடி கண்ணெதிரே சாகிறபோது மனுஷனுக்குப் புத்தி நிதானத்தில் இருக்காது.

கிணற்றை வெட்டுவது என்று முடிவானது. அடியில் கரும்பாறை. வெடிவைக்கிற ஆள் இரண்டு தடவை வந்து வெடித்துவிட்டுப் போனார். பாறை உடைந்தது, தண்ணீர் வரவில்லை. மூன்றாம் தடவை அவர் வேறு ஊரில் வேலையாக இருந்தார், வர நாளாகும் என்றார். சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. கூடவே நின்று பார்த்ததுதானே, நாமே வைத்துவிடலாம் என்றார். அப்பா முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு ஒத்துக்கொண்டார். கடப்பாரையால் பாறையில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்து வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு இருவரும் மேலே ஏறி மண்மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நல்ல வெயில் நேரம். நானும் ராயம்மாளும் பந்தலின் அடுத்த கோடியில் நின்றோம். வெடிச்சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நம் ஊரில் ஒரு சத்தம் போட்டால் மலை அதைத் திருப்பிச் சொல்லும், தெரியுமல்லவா? எது வெடி, எது எதிரொலி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

'எல்லாம் வெடிச்சிருச்சாண்ணே?' என்று சித்தப்பா கேட்டது எங்களுக்கே கேட்டது.

'வெடிச்சிருச்சுலே. நான் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்.'

'அப்ப நான் எறங்குறேன்.'

'செத்த நேரம் இருலே, புகை அடங்கட்டும்.'

'அடங்கிருச்சுண்ணே. தண்ணி சத்தம் கேக்குற மாதிரி இருக்கு.'

அவர் கயிற்றைப் பிடித்து இறங்குவதைப் பார்த்தோம். கடைசியாகத் தலைப்பாகை மறைந்தது. அதற்குப் பிறகுதான் வெடிக்காமல் மீதியிருந்த ஒரு வெடி வெடித்தது. ராயம்மாள் கிணற்றை நோக்கி ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடி இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவளும் உள்ளே போயிருப்பாள். அப்பா அதே கயிற்றில் இறங்கினார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து மேலே இருந்து இழுத்தார்கள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். சித்தப்பாவைப் பாயில் கிடத்தியபோது, அந்தக் கோலத்திலும் என் கண்ணில் ஒன்று பட்டது. அப்பாவின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. வறண்ட கிணற்றிலிருந்து ஏறி வந்த மனுஷனின் வேட்டி.

மறுநாள் அடக்கம் முடிந்து திரும்பியபோது கிணற்றில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். துக்கம் கேட்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, 'அருளப்பன் தண்ணியக் குடுத்துட்டுப் போயிட்டானய்யா' என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ராயம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீசுக்காரர்கள் வந்து அப்பாவிடம் விசாரித்தார்கள். 'எல்லாம் வெடிச்சிருச்சுன்னு நாந்தான் சொன்னேன்' என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். தண்ணீர் இருந்தபடியால் கொடிகள் பிழைத்தன. பிழைத்தது மட்டுமில்லை, அந்த வருஷம் காய்த்ததுபோல அதற்கு முன்னும் காய்க்கவில்லை, பின்னும் காய்க்கவில்லை. மோட்டார் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விடுவார். குலைகள் பழுக்கத் தொடங்கிய சமயம், மருந்தடிக்க மயில்துத்தம் வாங்கிவருகிறேன் என்று டவுனுக்குப் போனவர் அன்று திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. தேடிப் போனேன். தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாகல் நகரில் ஒரு அறை பிடித்திருந்தார். 'வீட்டுக்கு வாங்க' என்றேன். 'அந்தத் தண்ணியக் குடிக்க முடியலடி' என்றார். அவ்வளவுதான். நான் அழுது பார்த்தேன், கோவில் சாமியாரைக் கூட்டிப் போய்ப் பேசச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன்.

ராயம்மாளின் அண்ணன்மார் அவளைக் கூட்டிப்போக மாட்டுவண்டி கொண்டுவந்தார்கள். அவள் பெட்டியைக்கூடத் தொடவில்லை. 'பழம் பழுத்து நிக்கிது. நான் வந்துட்டா யாரு பறிக்கிறது?' என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும்தான் பறித்தோம். அவள் ஒவ்வொரு குலையாக வெட்டிக் கூடையில் வைத்ததை நான் மறக்கமாட்டேன். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதன்பிறகு இரண்டு வருஷம் அந்தக் கொடிகளோடு மல்லுக்கட்டினோம். மழையே வராதா என்று ஏங்கியதற்கு மாறாக விடாமல் மழை பெய்தது. இலைக்கு அடியில் சாம்பல் பூத்து, பிஞ்சுகள் பழுப்பாகிக் கொட்டின. நாங்கள் மருந்து கரைத்து அடித்தால் மாலையே மழை கழுவிவிடும். முழுத் தோட்டமும் ஒரே ரகம் என்பதால் ஒரு கொடிக்கு வந்தது எல்லாக் கொடிக்கும் வந்தது. கடைசியில் பந்தல் கம்பியை அவிழ்த்தோம். நீ சும்மா நிற்பதாகச் சொல்கிற தூண்கள் அப்படித்தான் சும்மா நிற்கின்றன.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கிணற்றில் கைவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். மிஷின் நல்ல மிஷினாகவே இருக்கட்டும். இன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் இன்றைய கொடிக்குத் தண்ணீர் கிடைக்கும். பிறகு அதைவிட அதிகம் குடிக்கிற ஒரு ரகம் வரும், அப்போது இன்னும் ஆழம் போகச் சொல்லும். முதலில் கிணற்றில் சித்திரை மாதத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று பார். அதற்குள் அடங்குகிற பயிரைத் தேடு. பிடித்த பயிரை நட்டுவிட்டு அதற்குக் கிணறு தேடாதே. நத்தத்தில் ராயம்மாளின் அண்ணன் தோப்பிலிருந்து வாங்கிவந்து என் பங்கில் வைத்த ஒட்டு மாங்கன்றுகள் இப்போது மரமாகிவிட்டன. இரண்டு கோடைக்குக் குடத்தால் ஊற்றினோம், பிறகு அவை எங்களைக் கேட்கவில்லை. கல்லாமை ரகம் தவறாமல் காய்க்கிறது. காசாலட்டு சின்னப் பழம், ஆனால் ருசி கண்டவர்கள் தேடி வருகிறார்கள். நீலம் எல்லாம் ஓய்ந்தபிறகு கடைசியில் வரும், கொட்டைக்குள் வண்டு இருக்கும், பார்த்து விற்கவேண்டும். மல்கோவா ஒன்றே ஒன்று வைத்தேன். அது பெரிய வீட்டு மருமகள் மாதிரி, மனசிருந்தால் ஒரு வருஷம் காய்க்கும், இல்லாவிட்டால் இல்லை. அதை நம்பித் தோப்பு போடாதே, ஆசைக்கு ஒன்று போதும். ஒட்டுக்கன்று வாங்கும்போது தாய்மரத்தை உன் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கு, காய்ப்பு மோசமான வருஷத்தில் போய்ப் பார். நட்டபின் ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிடு, விட்டால் அதுதான் மரமாகும், நீ வாங்கிய ரகம் செத்துப்போகும். எதையும் ஒரே ரகமாக வைக்காதே. சித்தி தன் பங்கில் கொய்யாவும் எலுமிச்சையும் வைத்திருக்கிறாள். நாங்கள் பணக்காரர்களாகவில்லை. சாப்பிடுகிறோம்.

உன் கடிதத்தின் மீதிப் பாகத்தையும் மறுநாள் ராயம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கிணற்றில் பாதி அவளுடையது, அவளுக்குச் சொல்லாமல் நான் பதில் எழுதுவது நியாயமில்லை. அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

'அவனுக்கு எல்லாத்தையும் எழுதுங்கக்கா' என்றாள். 'அன்னைக்கு நானும் எண்ணுனேன்னு எழுதுங்க.'

'எதை?'

'வெடியத்தான். பந்தலுக்குள்ள நின்னு நானும் எண்ணுனேன். எனக்கும் எல்லாம் வெடிச்ச மாதிரிதான் கேட்டுச்சு. பெரியவரு ஒருத்தரு மட்டும் தப்பாக் கேக்கல.'

'இம்புட்டு வருசமா ஏன்டி சொல்லல?'

'சொல்லத் தோணலக்கா' என்றாள். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, 'அவரு மேல இருக்கட்டும்னு இருந்துட்டேன். யாரு மேலயாவது இருக்கணும்ல' என்றாள்.

நான் அன்று மத்தியான பஸ்ஸிலேயே டவுனுக்குப் போனேன். அப்பா தோல் ஷாப்பு கேட்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். நீ அடுத்த தடவை பார்க்கும்போது அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளாதே. ராயம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முழுதும் கேட்டார். வண்டி ஒன்று வந்தது, எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

'அவ நல்ல பொம்பள. அதான் அப்படிச் சொல்றா' என்றார்.

அவள் பொய் சொல்லவில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. நான் கிளம்பும்போது, கல்யாணத்துக்குக் கோவிலுக்கு வருவதாகச் சொன்னார். வீட்டுக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் திராட்சையைப் பற்றியும் பந்தலைப் பற்றியும் ஆசையாகச் சொல்லியிருப்பாய். உன் அப்பாவும் எனக்கு அப்படித்தான் சொன்னார். ஓலை வாசிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். படித்துவிட்டு அவள் வரமாட்டேன் என்றால் அவள்மேல் கோபப்படாதே. வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வா. ஆனால் தெரிந்துகொண்டு வரட்டும். உனக்குத் தோட்டத்தில் ஆயிரம் வேலை இருக்கும். தினமும் விடிந்ததும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் இறைக்கப்போகிறவள் அவள்தான்.

உன்
அம்மா